மழைக்கு ஒதுங்கும் இடங்கள்: இங்கிலாந்து ஏரி மாவட்டத்தின் சிறு அருங்காட்சியகங்கள்

இங்கிலாந்தின் வடமேற்கில், கம்பிரியா என்னும் பகுதிக்குள் அடங்கிய ஏரி மாவட்டம் 1951-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. 2,362 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்நிலத்தில்தான் இங்கிலாந்தின் மிகப் பெரிய ஏரியான விண்டர்மியரும், 978 மீட்டர் உயரம் கொண்ட அந்நாட்டின் உச்சிச் சிகரமான ஸ்காஃபெல் பைக்கும் உள்ளன. ஆங்கில இலக்கியம் பயின்றவர்கள் இந்த ஊர்களை வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ் முதலிய கவிஞர்களின் வழியாகவே அறிந்திருப்பார்கள். சுற்றுலாப் பயணிகளோ அஞ்சலட்டையில் அச்சிட்ட மலை, நீர், செம்மறியாடு ஆகியவற்றின் வழியாக அறிந்திருப்பார்கள். இவ்விரு சித்திரங்களிலும் சுரங்கம் தோண்டியவர்களும், மரம் கடைந்தவர்களும், கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர்களும் இல்லை. அவர்களைத் தேடிச் செல்பவர்கள் ஏரிக்கரையை விட்டு, ஊருக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும் சிறு அருங்காட்சியகங்களுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

அவை இத்தனை எண்ணிக்கையில் தோன்றியதற்கு மழையும் ஒரு காரணம். கெஸ்விக் நகருக்குத் தெற்கே பாரோடேல் பள்ளத்தாக்கின் முடிவில் உள்ள சீத்வெயிட் என்னும் குக்கிராமத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. மக்கள் குடியிருக்கும் இடங்களுள் இங்கிலாந்திலேயே மிக அதிகமாக நனையும் ஊர் இதுதான். நடைப்பயணத்துக்கென்று வந்தவர்கள் பாதி நாளைக் கூரையின் கீழ் கழிக்க நேர்கின்ற நிலத்தில், நுழைவுச்சீட்டு வாங்கி ஒரு மணி நேரம் எதையாவது பார்க்கும் வசதிக்குத் தேவை எப்போதும் உண்டு. 1780-களிலேயே, கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்பணியில் இருந்து ஊர் திரும்பிய பீட்டர் குரோஸ்த்வெயிட் என்பவர் கெஸ்விக்கில் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்து, ஏரிகளின் வரைபடங்களைத் தாமே தயாரித்து அங்கே வரும் பயணிகளுக்கு விற்று வந்தார். பிரிட்டிஷ் மியூசியம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1759-இல் என்பதை நினைவில் கொண்டால், இச்சிற்றூரின் முயற்சி எவ்வளவு முந்தியது என்பது விளங்கும்.

ஒற்றைப்பொருள் அருங்காட்சியகம் என்பது ஏதேனும் ஒரு பொருளையோ, தொழிலையோ, மனிதரையோ மட்டும் எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றைக் காட்டும் நிறுவனம். தலைநகரங்களின் பெரிய அருங்காட்சியகங்களில் பொருள்கள் பிறந்த மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டுக் கண்ணாடிக்குள் வரிசையாக நிற்கும். சிற்றூர்களிலோ பொருளும் அது பிறந்த இடமும் பெரும்பாலும் நடந்து செல்லும் தொலைவிலேயே இருக்கும். அந்த அருகாமையைப் பயன்படுத்திக்கொள்ளும் அருங்காட்சியகம் தேறுகிறது. அதை மறந்து வெறும் சேகரிப்பாக நின்றுவிடுவது, எத்தனை அரிய பொருள்களை வைத்திருந்தாலும், பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

கெஸ்விக்கில் உள்ள டெர்வென்ட் பென்சில் அருங்காட்சியகம் 1981-இல் திறக்கப்பட்டது. அதன் கதை பாரோடேலில், மழைக்குப் பேர்போன அதே சீத்வெயிட்டின் மேலுள்ள மலைச்சரிவில் தொடங்குகிறது. அங்கே 16-ஆம் நூற்றாண்டில் கறுத்து வழவழப்பான ஒரு கனிமம் கண்டெடுக்கப்பட்டது. புயலில் சாய்ந்த மரத்தின் வேரடியில் இடையர்கள் அதைக் கண்டார்கள் என்றும், ஆடுகளுக்கு அடையாளக் குறி போட அதைப் பயன்படுத்தினார்கள் என்றும் ஒரு மரபுக்கதை உண்டு. உள்ளூர் மக்கள் ‘வாட்’ என்று அழைத்த அக்கனிமத்தை அக்காலத்தவர் ஈயத்தின் ஒரு வகை என்றே நம்பினார்கள். அது தூய கரிமம்தான் என்பதை சுவீடன் வேதியியலாளர் ஷீலே 1779-இல் நிறுவினார். பத்தாண்டு கழித்து ஜெர்மானியக் கனிமவியலாளர் வெர்னர் அதற்கு கிராஃபைட் என்று பெயர் சூட்டினார். பிற இடங்களில் கிராஃபைட் பெரும்பாலும் தூளாகவோ செதில்களாகவோ பாறையோடு கலந்து கிடைக்கும். பாரோடேலில் கிடைத்ததோ ரம்பத்தால் அறுத்துக் குச்சிகளாக்கும் அளவுக்குக் கெட்டியான கட்டிகள். அறுத்த குச்சியை நூல் சுற்றியோ தோல் சுற்றியோ பிடித்து எழுதிய நிலையிலிருந்து, மரத்தில் பள்ளம் வெட்டி அதனுள் பதித்து ஒட்டும் நிலைக்கு வந்ததுதான் பென்சிலின் முதல் நூற்றாண்டு வரலாறு.

ஆனால் இச்சுரங்கத்தின் செல்வத்துக்கு எழுத்து முதற்காரணம் அன்று. உருகிய இரும்பை ஊற்றிப் பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளின் உட்புறத்தில் கிராஃபைட் பூசினால் குண்டு வழவழப்பாக வெளிவரும். வழவழப்பான குண்டு குழாயோடு இறுகப் பொருந்தி நெடுந்தொலைவு பாயும். போர்க்காலங்களில் இதன் விலை ஏறியதால், ஆண்டு முழுவதும் தோண்டாமல் வேண்டிய அளவு எடுத்ததும் சுரங்க வாயை மூடி வைக்கும் வழக்கமும், வேலை முடிந்து வெளியேறும் தொழிலாளரைச் சோதனையிடும் வழக்கமும் ஏற்பட்டன. கிராஃபைட் திருட்டைக் கடுந்தண்டனைக்குரிய குற்றமாக்கி 1752-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. இன்று பள்ளிப்பிள்ளைகள் மென்று துப்பும் பொருளுக்கு ஒரு காலத்தில் ஆயுதக் காவல் இருந்தது என்பதை, சுரங்கத்தின் மாதிரியாக அமைக்கப்பட்ட நுழைவாயில் வழியாகவே பார்வையாளரை உள்ளே அனுப்பி இந்த அருங்காட்சியகம் உணர்த்த முயல்கிறது. அந்த மாதிரிச் சுரங்கம் சற்றே நாடகத்தனமானது என்றாலும், குழந்தைகளுடன் வருபவர்களுக்கு அதில் குறை தோன்றாது.

பாரோடேலின் ஏகபோகத்தை உடைத்தது பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் போர். பிரிட்டனிலிருந்து கிராஃபைட் வரத்து நின்றுபோன நிலையில், நிக்கோலா-ழாக் கோன்தே என்னும் பிரெஞ்சுக்காரர் மட்டமான கிராஃபைட்டைப் பொடித்துக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டு எழுதுகுச்சி செய்யும் முறைக்கு 1795-இல் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் குச்சி கடினமாகும், குறைந்தால் கருமையாகவும் மென்மையாகவும் எழுதும். பென்சிலின் மேல் அச்சிடப்படும் எச்.பி., 2பி போன்ற குறியீடுகளின் அடிப்படை இந்த விகிதமே. எந்த ஊர்க் கிராஃபைட்டையும் பென்சிலாக்கலாம் என்றான பிறகும் கெஸ்விக்கில் தொழில் அழியவில்லை. 1832-இல் அங்கே தொழிற்சாலை எழுந்தது, பாரோடேல் சுரங்கம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் வற்றிய பிறகு வெளிநாட்டுக் கிராஃபைட்டைக் கொண்டு அது தொடர்ந்தது. பாறைப்பிளவுகளில் நரம்புபோல் படிந்து கெட்டியாகக் கிடைக்கும் கிராஃபைட்டை இன்று வணிக அளவில் தரும் ஒரே நாடு இலங்கை. அந்நாட்டின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களை அறிந்த தமிழ் வாசகர்கள், சீத்வெயிட் மலையின் பழங்கதையில் அவற்றின் உறவினரை இனங்காணலாம். உலோகம் உருக்கும் மூசைகள் செய்வதற்காக 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக் கிராஃபைட் ஐரோப்பாவுக்குப் பெருமளவில் கப்பலேறியது.

அருங்காட்சியகத்தில் பலரும் நின்று பார்ப்பது ஏறத்தாழ எட்டு மீட்டர் நீளமுள்ள மஞ்சள் வண்ணப் பென்சிலைத்தான். 2001-இல் செய்து முடிக்கப்பட்ட அதன் எடை 446 கிலோகிராமுக்கு மேல். அதைவிடக் கவனத்துக்குரியது, எளிதில் கண்ணில் படாத ஒரு சிறு பென்சில். இரண்டாம் உலகப் போரில் பகைநாட்டில் விழுந்துவிடும் பிரிட்டிஷ் விமானப் படையினர் தப்பி வருவதற்காக, மெல்லிய தாளில் அச்சிட்ட வரைபடத்தைச் சுருட்டி உள்ளே திணித்து, அழிப்பானுக்கு அடியில் சிறு திசைகாட்டியை மறைத்து வைத்த பென்சில்கள் கெஸ்விக் தொழிற்சாலையில் செய்யப்பட்டன. திட்டத்தை வகுத்தவர் சார்லஸ் ஃபிரேசர்-ஸ்மித். ஜேம்ஸ் பாண்ட் கதைகளில் கருவிகள் செய்துதரும் ‘கியூ’ பாத்திரத்துக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுபவர். தொழிலாளர்கள் வீடு சென்ற பிறகு, இரகசியம் காப்பதாக உறுதியளித்த மேலாளர்கள் மட்டும் இரவில் திரும்பி வந்து, ஏற்கெனவே முடிந்த பென்சில்களைத் துளைத்து உள்ளீட்டை மாற்றினார்கள். பெரிய பென்சிலுக்குப் புகைப்படக் கூட்டம் சேர்வதும், சிறிய பென்சிலைப் பலர் கடந்து போய்விடுவதும் காட்சியமைப்பின் குறை என்றே சொல்ல வேண்டும்.

இந்த அருங்காட்சியகத்தின் நிலைமையில் ஒரு முரண் உண்டு. பென்சில் தொழிற்சாலை 2008-இல் கெஸ்விக்கை விட்டு மேற்கே வொர்க்கிங்டன் பக்கம் இடம்பெயர்ந்துவிட்டது; ஆலை போன பிறகு அருங்காட்சியகம் மட்டும் ஊரில் நிற்கிறது. 2015 டிசம்பரில் வீசிய டெஸ்மண்ட் புயலின்போது கிரேட்டா ஆறு கரை கடந்து உள்ளே புகுந்ததால் மூடப்பட்டு, புதுப்பிக்கப்பட்டு 2017-இல்தான் மீண்டும் திறந்தது.

அதே நகரின் ஃபிட்ஸ் பூங்காவில் உள்ள கெஸ்விக் அருங்காட்சியகம் பலபொருள் சேகரிப்பு எனினும், அதற்குப் புகழ் தேடித் தந்தது ஒற்றைப் பொருள்தான்: கற்களால் ஆன ஓர் இசைக்கருவி. ஸ்கிடா மலைக்கு அடியில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஏறி வந்த பாறைக்குழம்பின் வெப்பத்தால் சுற்றியிருந்த பலகைக்கற்கள் சுடப்பட்டு இறுகி, ஹார்ன்ஃபெல்ஸ் எனப்படும் உருமாறிய பாறையாயின. சுத்தியலால் தட்டினால் இது மணிபோல் ஒலிக்கும். முன்னர்ச் சொன்ன குரோஸ்த்வெயிட் 1785-இல் இத்தகைய கற்களைச் சேர்த்துச் சுருதிப்படுத்தினார். அதன்பின் ஜோசஃப் ரிச்சர்ட்சன் என்னும் கல்தச்சர் 1827 முதல் 1840 வரை பதின்மூன்று ஆண்டுகள் மலையில் கல் தேடி, செதுக்கிச் செதுக்கிச் சுருதி கூட்டி, ஐந்து எண்மங்களுக்கு மேல் விரியும் பெருங்கருவியை உருவாக்கித் தம் மகன்களோடு ஊர் ஊராக வாசித்தார். 1848-இல் பக்கிங்காம் அரண்மனையில் விக்டோரியா அரசியின் முன்னும் அது ஒலித்தது. கல்லைச் செதுக்கினால் சுருதி மாறும்; கூடுதலாகச் செதுக்கிவிட்டால் பழைய சுருதிக்குத் திரும்ப வழியில்லை. பதின்மூன்று ஆண்டுகள் ஆனதன் காரணத்தை இந்த ஒரு விவரமே சொல்லிவிடும். பார்வையாளரும் இக்கற்களைத் தட்டிப் பார்க்கலாம் என்று அனுமதித்திருப்பது பாராட்டத்தக்கது. அரும்பொருள் என்று கயிறு கட்டித் தள்ளி வைத்திருந்தால் அது வெறும் கல்வரிசையாகவே எஞ்சியிருக்கும்.

விண்டர்மியர் ஏரியின் தென்கோடிக்கு அருகில் காட்டுக்குள் அமைந்த ஸ்டாட் பார்க் பாபின் ஆலை, இப்பகுதியின் சிறு அருங்காட்சியகங்களுள் முதலிடம் பெறத் தக்கது. பாபின் என்பது நூல் சுற்றும் கட்டை. தையல் இயந்திரத்தின் அடிநூலுக்குப் பயன்படும் சிறு உலோகச் சக்கரமும் பாபின்தான், பஞ்சாலைகளில் நூற்ற நூலை ஏற்கும் நீண்ட கட்டையும் பாபின்தான். 19-ஆம் நூற்றாண்டில் தெற்கே லங்காஷையரில் பருத்தி ஆலைகள் பெருகியபோது ஒவ்வோர் ஆலைக்கும் ஆயிரக்கணக்கில் மரப் பாபின்கள் தேவைப்பட்டன. அவை தேய்ந்தும் உடைந்தும் போவதால் தேவை ஒருபோதும் தீரவில்லை. ஓடைநீரும் காடும் ஒருங்கே அமைந்த ஏரி மாவட்டத்தில் அறுபதுக்கு மேற்பட்ட பாபின் ஆலைகள் எழுந்தன. 1835-இல் கட்டப்பட்ட ஸ்டாட் பார்க் அவற்றுள் ஒன்று. உற்பத்தி உச்சத்தில் இருந்தபோது வாரத்துக்கு இரண்டரை இலட்சம் பாபின்கள் வரை அங்கிருந்து வெளியேறின.

அந்த ஆலைக்கு மரம் தந்த காடுகள், வனவியலில் மறுதாம்புக் காடுகள் எனத்தக்கவை. கரும்பை அடியோடு வெட்டிய பின் கட்டையிலிருந்து மறுபயிர் விடுவதுபோல, பூர்ச்சம், ஆஷ், சைக்கமோர் முதலிய மரங்களை நிலமட்டத்துக்கு அருகில் வெட்டினால் கட்டையிலிருந்து பல கிளைகள் நேராகக் கிளம்பும்; ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளில் அவை மீண்டும் வெட்டத் தயாராகும். இன்று நடைப்பயணிகள் இயற்கையின் கொடை என்று வியக்கும் விண்டர்மியர்க் கரைக் காடுகளில் ஒரு பகுதி, உண்மையில் பாபின் ஆலைகளுக்காகவும் இரும்பு உலைகளின் மரக்கரிக்காகவும் தலைமுறை தலைமுறையாக முறைவைத்து வெட்டி வளர்க்கப்பட்டவை. ஏரி மாவட்டம் தீண்டப்படாத இயற்கை என்ற நம்பிக்கையைக் கலைக்க இதைவிட நல்ல சான்று இல்லை.

ஆலையின் உள்ளே கடைசல் இயந்திரங்கள், கூரையின் கீழ் ஓடும் நீண்ட சுழல்தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இறங்கும் தோல் பட்டைகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. முதலில் நீர்ச்சக்கரம், பிறகு நீர்விசையாழி, 1880-இல் நீராவி எந்திரம், 1941-இல் மின்சாரம் என்று விசை மாறிக்கொண்டே வந்தாலும் வேலை செய்யும் முறை அதிகம் மாறவில்லை. வேலையாட்களில் சிறுவர்களும் இருந்தார்கள். ஏழைகளுக்கான அரசு விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் அவர்களுள் சிலர். மரச்சீவல் முழங்கால் அளவுக்குக் குவியும் கூடத்தில், நுண்தூளைச் சுவாசித்துக்கொண்டு, தடுப்பில்லாத பட்டைகளுக்கும் கூரிய உளிகளுக்கும் இடையே நாள் முழுவதும் நிற்பது எத்தகைய உழைப்பு என்பதை, வழிகாட்டி இயந்திரத்தை ஓட்டி ஒரு பாபினைக் கடைந்து காட்டும் அந்தச் சில விநாடிகளின் இரைச்சலே உணர்த்திவிடும். பிளாஸ்டிக் பாபின் வந்து மரத்தைத் துரத்திய பிறகு, கருவிகளின் கைப்பிடி முதலியவற்றைக் கடைந்து சிறிது காலம் தாக்குப்பிடித்த ஆலை 1971-இல் மூடப்பட்டது. 1983 முதல் பார்வைக்குத் திறந்திருக்கும் அது இப்போது இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. மூடிய நாளுக்கும் திறந்த நாளுக்கும் இடைவெளி குறைவாக இருந்ததுதான் அதன் பேறு: துருப்பிடிக்கவோ பழைய இரும்பாக விலைபோகவோ நேரமில்லாமல் போயிற்று.

இந்த ஆலையின் கதைக்குத் தென்தமிழகம் வரை நீளும் ஒரு நூல் உண்டு. 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு அந்நாட்டுப் பருத்தி லங்காஷையருக்கு வராமல் போனபோது, அவ்விடத்தை நிரப்ப இந்தியப் பருத்தியின் ஏற்றுமதி பன்மடங்கு பெருகியது; தூத்துக்குடி வழியாகக் கப்பலேறிய திருநெல்வேலிப் பருத்தியும் அதில் அடக்கம். அதே லங்காஷையரின் ஆலைத்துணி இந்தியக் கைத்தறியை நலியச் செய்த வரலாறு தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. காட்டுக்குள் மரம் கடையும் ஒரு சிறு கூடம் அந்த உலகப் பெருவலையின் கண்ணிகளுள் ஒன்றாக இருந்தது என்பதை ஸ்டாட் பார்க்கின் விளக்கப் பலகைகள் இன்னும் விரிவாகச் சொல்லலாம்.

ஸ்டாட் பார்க்கிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே பேக்பாரோ என்னும் ஊரில், லேவன் ஆற்றங்கரையில் ஏரி மாவட்ட மோட்டார் அருங்காட்சியகம் 2010 முதல் இயங்குகிறது. பழைய கார்கள், மோட்டார் சைக்கிள்கள், பெட்ரோல் நிலையப் பொருள்கள் என்று நிறைந்த இச்சேகரிப்பு அவ்வகைப் பிரியர்களுக்கு விருந்து. மற்றவர்களுக்கு, அது அமைந்திருக்கும் வளாகமே அதிகச் சுவையானது. சலவைத் துணியின் மஞ்சள் பாரித்த வெண்மையைச் சரிசெய்யப் போடும் நீலம் 1890 முதல் 1981 வரை அங்கே தயாரிக்கப்பட்டது. சீனக்களிமண், கந்தகம், சோடா, கரிப்பொருள் ஆகியவற்றை உலையில் சேர்த்துச் சூடேற்றிப் பெறும் அந்த நிறமிக்கு அல்ட்ராமரீன் என்று பெயர். டாலி புளூ என்ற வணிகப் பெயரில் சிறு துணிமூட்டைகளாக விற்கப்பட்ட அந்த நீலம் ஆலையில் வேலை செய்தவர்களின் தோலிலும் முடியிலும் ஆடையிலும் ஏறி, ஊர்த் தெருவில் நீல மனிதர்கள் நடமாடும் காட்சி சாதாரணமாக இருந்தது. வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்ட தலைமுறையைச் சேர்ந்த தமிழர்களுக்கு இந்த ஆலை அந்நியமாகத் தோன்றாது. இக்கதைக்குக் கார்களின் நடுவே ஒரு மூலை மட்டுமே கிடைத்திருக்கிறது. சொந்த இடத்தின் கதையைப் பின்னுக்குத் தள்ளிய சேகரிப்புக்கு இதுவே எடுத்துக்காட்டு.

விண்டர்மியரின் கிழக்குக் கரையில் 2019-இல் திறக்கப்பட்ட விண்டர்மியர் ஜெட்டி அருங்காட்சியகம் மற்றவற்றைவிடப் பெரிது, புதிது, செம்புத் தகடு போர்த்திய கட்டடமும் நவீனமானது. கட்டடத்துக்குள்ளேயே ஏரிநீர் புகுந்து படகுகள் மிதக்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஆயினும் அதன் வேர் ஒரு தனிமனிதரின் சேகரிப்பில் இருக்கிறது: உள்ளூர்க் கட்டட ஒப்பந்தக்காரரான ஜார்ஜ் பாட்டின்சன், கவனிப்பாரற்ற நீராவிப் படகுகளைத் தேடிச் சேர்த்து 1977-இல் அதே இடத்தில் ஓர் அருங்காட்சியகம் அமைத்தார், அது 2006-இல் மூடப்பட்ட பிறகு எழுந்ததே இப்போதைய நிறுவனம். 1850-ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘டாலி’ என்னும் நீராவிப் படகு, இயந்திர விசையால் ஓடும் படகுகளுள் உலகில் எஞ்சியுள்ள மிகப் பழையது என்று கருதப்படுகிறது. 1895-ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் அல்ஸ்வாட்டர் ஏரியில் மூழ்கிய இப்படகு, ஏறத்தாழ அறுபத்தேழு ஆண்டுகள் சேற்றில் புதைந்திருந்து 1962-இல் வெளியே எடுக்கப்பட்டது; ஏரியடிச் சேற்றின் குளிர்ச்சியும் காற்றுப் புகாமையும் மரத்தையும் எந்திரத்தையும் காத்திருந்தன.

அங்குள்ள ‘எஸ்பெரான்ஸ்’ என்னும் மற்றொரு படகு சமூக வரலாற்றுக்குச் சான்று. பாரோ நகரின் இரும்புத் தொழிலதிபர் ஹென்றி ஷ்னைடர் 1869-இல் கட்டுவித்த அப்படகில்தான் தம் ஏரிக்கரை மாளிகையிலிருந்து தென்கோடி இரயில் நிலையத்துக்கு நாள்தோறும் சென்றார். காலை உணவும் படகிலேயே பரிமாறப்பட்டது. பாபின் ஆலைச் சிறுவர்கள் சீவலில் நின்ற அதே காலத்தில், அதே ஏரியின் மேல் இது நிகழ்ந்தது. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. ஆர்தர் ரான்சம் 1930-இல் எழுதிய புகழ்பெற்ற சிறுவர் நாவலில் வரும் படகுவீட்டுக்கு எஸ்பெரான்ஸ் முன்மாதிரியாக அமைந்தது என்பது அதன் பிற்காலப் பெருமை.

கோனிஸ்டன் ஊரிலுள்ள ரஸ்கின் அருங்காட்சியகம், கலை விமர்சகரும் சமூகச் சிந்தனையாளருமான ஜான் ரஸ்கின் 1900-இல் மறைந்ததற்கு அடுத்த ஆண்டு, அவருடைய செயலாளராக இருந்த காலிங்வுட் என்பவரால் நிறுவப்பட்டது. நினைவகம் என்றால் பெரியவர் ஒருவரின் மூக்குக்கண்ணாடியையும் பேனாவையும் வைத்துப் பூசிப்பது என்ற வழக்கத்தை மீறி, ஊரின் செப்புச் சுரங்கம், பலகைக்கல் வெட்டும் தொழில், கைவினை ஆகியவற்றையும் அதே கூரையின் கீழ் வைத்தது காலிங்வுட்டின் நல்லறிவு. 1880-களில் ரஸ்கினின் கருத்துகளால் ஊக்கம் பெற்றவர்கள் அருகிலுள்ள லாங்டேல் பள்ளத்தாக்கில் இராட்டை நூற்பை மீட்டு, ஆளிநார் நூலில் துணி நெய்ய வைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த நுண்பின்னல் வேலைப்பாடு இன்றும் ரஸ்கின் லேஸ் என்று அழைக்கப்படுகிறது. ஆலைகளின் நாடாகிய இங்கிலாந்திலேயே, லங்காஷையருக்கு அருகில், காந்தியின் இராட்டைக்குச் சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன் இது நடந்தது. ரஸ்கினின் ‘அன்டு திஸ் லாஸ்ட்’ நூலை 1904-இல் ஜோகன்னஸ்பர்கிலிருந்து டர்பனுக்குச் செல்லும் இரயிலில் படித்த காந்தி, அதே ஆண்டில் ஃபீனிக்ஸ் பண்ணையைத் தொடங்கியதும், பின்னர் நூலின் சாரத்தை ‘சர்வோதய’ என்ற தலைப்பில் குஜராத்தியில் தந்ததும் நன்கறியப்பட்டவை. இந்தியப் பார்வையாளர்கள் இந்த அருங்காட்சியகத்துக்கு வர இந்த ஒரு காரணமே போதும்; ஆனாலும் பெரும்பாலோர் வேர்ட்ஸ்வொர்த் வீட்டோடு திரும்பிவிடுகிறார்கள்.

ரஸ்கினுக்கு நேர்எதிரான பொருள் ஒன்றும் அங்கேயே இருக்கிறது. நீர்வேகச் சாதனைக்காகக் கட்டப்பட்ட ‘புளூபேர்ட் கே7’ என்னும் ஜெட் படகில், 1967 ஜனவரி 4 அன்று கோனிஸ்டன் ஏரியின் மேல் மணிக்கு 300 மைல் வேகத்தைத் தாண்ட முயன்ற டொனால்டு கேம்ப்பெல், படகு மேலெழும்பிக் கவிழ்ந்து உயிரிழந்தார். சிதைவுகள் 2001-இல் ஏரியிலிருந்து எடுக்கப்பட்டன. அவர் உடலும் அவ்வாண்டே கண்டெடுக்கப்பட்டுக் கோனிஸ்டனில் அடக்கம் செய்யப்பட்டது. குடும்பத்தினர் படகை அருங்காட்சியகத்துக்கு அளித்திருந்தும், அதைச் சீரமைத்தவர்களோடு எழுந்த உரிமைத் தகராறு ஆண்டுக்கணக்கில் நீண்டு, 2024 மார்ச்சில்தான் படகு கோனிஸ்டன் வந்து சேர்ந்தது. அதற்கென 2010-இல் கட்டிய தனிக்கூடம் அதுவரை நாயகன் இல்லாமலே காத்திருந்தது. இயந்திர வேகத்தை வெறுத்த ரஸ்கினின் பெயரால் அமைந்த கட்டடத்தில் உலகின் அதிவேகப் படகுகளுள் ஒன்று நிற்பதை ஊர்க்காரர்கள் முரணாகக் கருதுவதில்லை. இரண்டும் அவர்கள் ஏரிக்கரையில் வாழ்ந்தவைதாமே.

ஆம்பிள்சைடில் உள்ள ஆர்மிட் நூலகமும் அருங்காட்சியகமும் 1912-இல் தொடங்கியவை. பீட்டர் ராபிட் கதைகளால் உலகப்புகழ் பெற்ற பீட்ரிக்ஸ் பாட்டரின் பெயரில் ஏரி மாவட்டமெங்கும் பொம்மையும் கோப்பையும் விற்கிறார்கள். அவர் ஓர் அறிவியலாளராக வளர்ந்திருக்கக்கூடியவர் என்பதை அறிய இங்கேதான் வரவேண்டும். முயல்களுக்கு முன் அவர் வரைந்தது காளான்களை. நுண்ணோக்கியில் பார்த்து அவர் வரைந்த நூற்றுக்கணக்கான நீர்வண்ணச் சித்திரங்கள், 1943-இல் அவர் மறைந்தபோது ஆர்மிட்டுக்கு வந்தன. காளான்களின் வித்துகள் முளைப்பது குறித்து அவர் எழுதிய கட்டுரை 1897-இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தில் படிக்கப்பட்டது. பெண்களுக்கு அக்கூட்டத்தில் இடமில்லாததால் அதை வேறொருவர் முன்வைத்தார். சங்கம் தன் நடத்தை முறையற்றது என்று ஒப்புக்கொள்ள நூறு ஆண்டுகள் ஆயின. 1967-இல் வெளிவந்த காளான் கையேடு ஒன்றுக்கு அவருடைய சித்திரங்களே பயன்படுத்தப்பட்டன என்பது அவற்றின் துல்லியத்துக்குச் சான்று.

ஏரிகளுக்குத் தெற்கே, பூங்காவின் எல்லைக்குச் சற்று வெளியே உள்ள அல்வர்ஸ்டன் நகரில் லாரல்-ஹார்டி அருங்காட்சியகம் உண்டு. அந்தத் திரைப்பட நகைச்சுவை இணையில் மெலிந்தவரான ஸ்டேன் லாரல் 1890-இல் பிறந்த ஊர் அது. உள்ளூர் இரசிகர் ஒருவர் 1983-இல் தொடங்கிய அச்சேகரிப்பு ஒழுங்கைவிட அன்பால் நிறைந்தது. அமைதியான விளக்கப் பலகைகளை எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமும், பழைய படங்களின் இரசிகர்களுக்குக் கொண்டாட்டமும் காத்திருக்கும்.

இத்தகைய நிறுவனங்கள் நுழைவுச்சீட்டு, கடை, தேநீரகம், தன்னார்வலர்களின் உழைப்பு ஆகியவற்றால் தாக்குப்பிடிப்பவை. ஒரு வெள்ளமோ ஒரு தகராறோ அவற்றை ஆண்டுக்கணக்கில் முடக்கிவிடக்கூடும் என்பதற்குப் பென்சில் அருங்காட்சியகமும் புளூபேர்டும் போதிய சான்றுகள். எனவே செல்ல எண்ணுபவர்கள், குளிர்காலத்தில் பல இடங்கள் மூடியிருக்கும் என்பதை மனத்தில் கொண்டு, திறந்திருக்கும் நாள்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. ஸ்டாட் பார்க்கின் நீராவி எந்திரம் எல்லா நாள்களிலும் ஓடுவதில்லை. குறிப்பிட்ட நாள்களில் மட்டுமே ஓட்டப்படும் அதைப் பார்ப்பதற்கேற்பப் பயணத்தின் மற்ற நாள்களை மாற்றியமைத்துக்கொள்ளலாம். நேரம் ஒரு நாள் மட்டுமே உள்ளவர்கள் காலையில் பாபின் ஆலையையும் மாலையில் கோனிஸ்டனையும் பார்த்தால் போதும். பென்சிலுக்கு மழை பெய்யும் இன்னொரு நாளை ஒதுக்கலாம், அப்படி ஒரு நாள் கெஸ்விக்கில் கிடைக்காமல் போகாது.